முருங்கனுக்குள் முடியாத செபமாலை

பேசாலையில் "அறுபது" என்றால் அது சந்தியோகுதான். வயது ஐம்பத்தாறு, அறுபது என்பது வேகம். இருபத்திரண்டு வருடமாக மீன் வான் ஓட்டுகிறார், வேகமுள் அறுபதைத் தாண்டியதை அவருடைய வானில் ஏறிய ஒருவரும் கண்டதில்லை. பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவான். இவர் ஓரம் விட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவாரே தவிர வேகத்தைக் கூட்டமாட்டார். அறுபதின் வானில் கலியாணத்துக்குப் போனால் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்துக்குத்தான் இறங்கலாம் என்று ஊர்ப் பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள். "உயிரோட இறங்குவியள்தானே" என்று அவரும் சிரிப்பார்.

இந்தப் பகிடிதான் இப்போது செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரைத் தின்றுகொண்டிருந்தது.

கீர்த்திகாவுக்கு இருபத்து மூன்று வயது. உயிலங்குளம் தாண்டி வயல்வெளிக்குள் இருக்கிற ஒரு சின்னக் கிராமத்துப் பிள்ளை, முன்பள்ளி ரீச்சர். ஒருநாள் காலையில் சைக்கிளில் பெரிய ரோட்டைக் கடக்கும்போது சந்தியோகுவின் வான் அடித்து, அந்த இடத்திலேயே உயிர் போனது. அதற்கு இரண்டு மாதம் முந்தி அவளுக்குப் பேசியிருந்த கலியாணம் குழம்பியிருந்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? அறுபதின் வானில் ஒருவர் தற்செயலாக அடிபட முடியாது, அப்படியென்றால் அவளாக வந்து விழுந்திருக்கிறாள். கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பொலிஸ் பிரேக் அடையாளத்தை அளந்து எண்பதுக்குக் கிட்ட என்று எழுதியதைக்கூட ஒருவரும் நம்பவில்லை. மீன் தண்ணி ஒழுகின ரோட்டில் வான் வழுக்கித்தானே போகும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

"நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ, அன்ரோனெற் அக்கா. அது சாகவெண்டு வந்த பிள்ளை. பாவம், உங்கட மனுசன்ர தலையில பழி விழுந்திட்டுது."

ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். சந்தியோகுவின் மனைவி அன்ரோனெற் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடிபட்ட நேரம் முன் கதிரையில் அவரோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த புதன்கிழமை மன்னார் நீதிமன்றத்தில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். சட்டத்தரணி சொல்லிக் கொடுத்தது சின்ன விசயம்: முள் அறுபதில் நின்றது, பிள்ளை சடாரென்று குறுக்கே வந்தது, அவ்வளவுதான். இரண்டும் உண்மை. முள் அறுபதில் நின்றதை அவளும் பார்த்தாள். பிறகு ஏன் அந்த இரண்டு வசனத்தையும் சொல்லிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பாதியில் தடக்கியது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவள் விரும்பவுமில்லை.

விடியக் கரைக்கு வருகிற மீனை ஏற்றிக்கொண்டு இருவரும் வவுனியாச் சந்தைக்குப் போவார்கள். அவர் ஓட்டுவார், அவள் விற்பாள். படகு வருகிற நேரத்தைப் பொறுத்துத்தான் வான் வெளிக்கிடும். ஒரு நாள் ஐந்தரை, ஒரு நாள் ஆறே முக்கால். அதனால் மணிக்கூட்டைப் பார்க்கிற பழக்கம் அந்த வானுக்குள் இல்லை. இருந்த ஒரே ஒழுங்கு செபமாலை. மன்னார்ப் பாலம் முடிந்து வான் பெருநிலத்தில் ஏறியதும் அவள் சிலுவை போட்டுத் தொடங்குவாள். வாய்விட்டுச் சொல்லுவாள், அவர் பாதி சொல்லுவார். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் முடிகிறபோது முருங்கன் சந்தி வரும். இருபத்திரண்டு வருடத்தில் அது முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. மூன்றாம் பத்து முடிந்து நாலாவது தொடங்குகிற இடத்தில் ரோட்டோரம் ஒரு பெரிய மருதமரம் நிற்கும். அந்த மரத்தைக் கண்டால் அவளுடைய விரல் தானாகப் பத்துகளுக்கு நடுவில் வருகிற பெரிய மணிக்குப் போய்விடும்.

மாசி மாதம் வானின் பின் அச்சுக்குள்ளே பற்சக்கரத்தின் பல் உடைந்து, ஓடும்போது ஊளையிடத் தொடங்கியது. எருக்கலம்பிட்டிச் சந்தியில் கராஜ் வைத்திருக்கிற றினாஸ் ஒரு கிழமை தேடி, பழைய வாகனங்களைக் கழற்றி விற்கிற இடத்திலிருந்து வேறொரு பின் அச்சைக் கொண்டுவந்து பூட்டினான். நாலு ரயரும் தேய்ந்திருந்தன. கரை மணலில் வான் புதைகிறது, கொஞ்சம் உயரமான ரயராகப் போடு என்று சந்தியோகு கேட்டுக்கொண்டார், அதையும் போட்டான். "இனி வான் காத்து மாதிரிப் போகும், அண்ணை. டீசலும் மிச்சம்" என்றான். "எனக்கென்னடா தம்பி காத்து. நான் எப்பவும் அறுபதுதான்" என்றார் இவர்.

வான் மாறித்தான் போனது. மணலில் இருந்து கிளம்பும்போது மூச்சு வாங்கியது, பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறக்க வேண்டி வந்தது. ஆனால் நேர் ரோட்டில் அறுபதில் எஞ்சின் சத்தமே இல்லை. சந்தியோகுவுக்கு அதில் நல்ல சந்தோசம்.

அந்தக் கிழமையிலிருந்து செபமாலை முருங்கனுக்குள் முடியவில்லை.

முதல் நாள் நாலாம் பத்தே முடியாமல் சந்தி வந்துவிட்டது. அன்ரோனெற் திடுக்கிட்டுப் போனாள். அடுத்த நாளும் அப்படித்தான். வான் வேகமாக ஓடுகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? முள் கண்ணுக்கு முன்னால் அறுபதில் நிற்கிறது, பக்கத்தில் இருப்பவர் அறுபது. பிழை தன்னில்தான் என்று நினைத்தாள். நாற்பத்தெட்டு வயது, சீனி வருத்தம், இடையில் எங்கேயோ மனம் அலைந்து வாய் இழுபடுகிறது, செபத்தில் சோம்பல் வந்துவிட்டது. ஒரு கிழமை வார்த்தைகளை விழுங்கி விழுங்கி ஓட்டமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்படியும் சந்தியில் உருட்ட நாலு மணி மிஞ்சியது. வாய் உலர்ந்து போனது, பக்தி அதற்கு முன்னமே போய்விட்டது.

கடைசியில் கோயிலுக்குப் போய்ச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் அழுதாள். "சுவாமி, என்ர செபம் நீண்டு போகுது. முந்தி முருங்கனுக்குள்ள முடியிறது, இப்ப சந்தி தாண்டி, வயல் முடிஞ்சு காடு தொடங்கிற இடத்திலதான் முடியுது. எனக்குப் பராக்குக் கூடிப் போச்சு."

இளம் சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாதா மணிக்கூடு பாத்துக்கொண்டு நிக்கேல்லை, அம்மா. நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ, எங்க முடிஞ்சாலும் பரவாயில்லை" என்றார். அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியது. அதன் பிறகு பழையபடி ஆறுதலாகவே சொன்னாள். சந்தி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அடிபட்ட அன்றைக்கு விரல் மூன்றாம் பத்தின் நாலாவது மணியில் இருந்தது. மருதமரம் அப்போதுதான் பின்னால் போயிருந்தது.

கீர்த்திகாவின் தாய் பரமேஸ்வரி வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, தனியாக வந்திருந்தாள். படலையடியில் நின்ற மெலிந்த மனுசியை அன்ரோனெற்றுக்கு யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. உள்ளே சந்தியோகு எழும்பி அறைக் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது. பரமேஸ்வரி கதிரையின் விளிம்பில் இருந்தாள். தண்ணியும் வேண்டாம் என்றாள்.

"நான் சண்டைக்கு வரேல்லை, அக்கா. ஒண்டு கேட்க வந்தனான். நீங்கள்தான் கண்ணால கண்டனீங்கள். அவள் அடிபட்டவளோ, விழுந்தவளோ?"

சட்டத்தரணி சொல்லிக் கொடுத்த வசனம் அன்ரோனெற்றின் வாய்க்குள் இருந்தது.

"தேப்பனும் இப்ப அப்பிடித்தான் நினைக்கிறார். வாயால சொல்லமாட்டார், ஆனா அவளின்ர படத்துக்கு விளக்கு வைக்க விடுறாரில்லை. நான் நம்பேல்லை. ஆனா ஒரு விசயம்தான் என்னை இடிக்குது." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பரமேஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "அவள் முன்பள்ளிப் பிள்ளையளை ரோட்டுக் கடத்தி விடேக்கை சொல்லிக் குடுக்கிறவள். பஸ்ஸெண்டா நில்லுங்கோ. லொறியெண்டாலும் நில்லுங்கோ. அறுபதின்ர நீல வான் மருதமரத்தடியில வந்தா மட்டும் பயமில்லாமக் கடக்கலாம், அது வந்து சேர நேரமிருக்கு. எனக்கும் அப்பிடித்தான் சொல்லுவாள். இவ்வளவு கணக்குத் தெரிஞ்சவள் உங்கட வானுக்கு எப்பிடி அக்கா அம்பிட்டவள்? அப்ப சனம் சொல்லுறதுதான் சரியோ?"

மருதமரம் என்ற சொல்லைக் கேட்டதும் அன்ரோனெற்றின் பெருவிரல் அசைந்தது. கையில் செபமாலை இல்லை, விரல் இல்லாத மணியைத் தேடியது. மரத்தடியில் நாலாம் பத்து. அன்றைக்கு மூன்றாவதே முடியவில்லை. அதைவிட அதிகமாக நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியேல்லை, அம்மா" என்றாள். "புதன்கிழமை சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன்."

பரமேஸ்வரி எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையிலேயே அன்ரோனெற் றினாஸின் கராஜுக்குப் போனாள். வான் பொலிஸில் நின்றது. வானிலிருந்து கழற்றின பழைய பின் அச்சு மட்டும் சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்தது. வந்த காரணத்தைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. செபமாலை முடிகிற இடம் மாறிப்போனதுக்கும் வானுக்கும் ஏதும் தொடர்பு இருக்குமோ, தம்பி, என்று இழுத்து இழுத்துக் கேட்டாள்.

றினாஸ் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எந்த இடத்தில முடியிறது, அக்கா? இப்ப எங்க முடியுது?"

சொன்னாள். அவன் எண்ணெய் வாளிக்குள் கையை விட்டுப் பழைய பற்சக்கரங்கள் இரண்டை எடுத்தான். ஒன்று சாப்பாட்டுக் கோப்பையளவு பெரிது, மற்றது கைக்குள் அடங்குகிற சின்னது. துணியால் துடைத்து அவள் முன்னால் வைத்தான்.

"பல்லை எண்ணுங்கோ."

அவள் மணி உருட்டுகிற மாதிரியே எண்ணினாள். பெரியதில் உடைந்ததோடு சேர்த்து முப்பத்தொன்பது. சின்னதில் எட்டு.

"இந்தச் சின்னதை எஞ்சினில இருந்து வாற தண்டு சுத்தும். இது பெரியதைச் சுத்தும், பெரியது பின் சில்லைச் சுத்தும். முந்தி தண்டு கிட்டத்தட்ட அஞ்சு தரம் சுத்தினாத்தான் சில்லு ஒரு தரம் சுத்தும். நான் பூட்டின அச்சில பெரியதுக்கு நாப்பத்தொண்டு, சின்னதுக்குப் பத்து. இப்ப தண்டு நாலு தரம் சுத்தினாலே சில்லு ஒரு தரம் சுத்தி முடிச்சிரும். அதாலதான் ஏத்தத்தில இழுவை இல்லை. நேர் ரோட்டில எஞ்சின் ஆறுதலா இருக்கேக்கையே சில்லு கூட ஓடும். ரயரும் பெருசு. ஒரு சுத்துக்கு முந்தி போனதை விடக் கூடத் தூரம் போகும்."

"முள் அறுபதில நிண்டதே, தம்பி."

"மீற்றர் வயர் கியர்பொக்ஸ் வாலில இருந்து போறது, அக்கா. அதுக்குத் தண்டு சுத்திறது மட்டும்தான் தெரியும். தண்டுக்குப் பின்னால நான் என்னத்தை மாத்தினனான் எண்டு அதுக்குத் தெரியாது. அது பழைய அச்சு, பழைய ரயர் எண்டு நினைச்சுத்தான் காட்டும்." ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பெருக்கிப் பிரித்தான். இரண்டாம் தரமும் பார்த்தான். "எழுபத்தாறு. முள் அறுபது காட்டேக்கை வான் எழுபத்தாறு."

கராஜுக்கு வெளியே இரண்டு கழுதைகள் நிழலுக்காக மதிலோடு ஒட்டி நின்றன. அன்ரோனெற் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செபம் நீளவில்லை. ரோடுதான் விரைவாக முடிந்திருக்கிறது. அவள் போய் மன்னிப்புக் கேட்ட பாவத்தை அவள் செய்யவே இல்லை. செய்த பாவம் அதுதான்: அதைத் தன் பாவம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

"எனக்கு உறைக்கேல்லை, அக்கா. அல்லாஹ் மேல ஆணையா உறைக்கேல்லை" என்றான் றினாஸ். "வேற ஆளெண்டா மீற்றர் குறைச்சுக் காட்டும், பாத்து ஓடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். அண்ணைக்கு என்னத்துக்குச் சொல்லுறதெண்டு விட்டிட்டன். அவர்தானே அறுபது."

வீட்டில் சந்தியோகு சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். மூன்று கிழமையாக அப்படித்தான். அவள் கலண்டர் தாளை அவர் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் கோபம் வந்தது. "என்ர கண்ணால பாத்தனான். அறுபதுக்கு மேல ஒரு நூல் போகேல்லை. எனக்குப் பழி சேர்க்க நீயும் வெளிக்கிட்டிட்டியோ?" அவள் முருங்கன் சந்தியில் எத்தனை நாள் நாலாம் பத்து முடியாமல் இருந்தது என்று மட்டும் கேட்டாள். அவரும் கூடச் சேர்ந்து சொன்னவர்தானே.

அவர் தாளை எடுத்துக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்.

"அது தானா வந்து விழுந்த பிள்ளை எண்டு நினைச்சுத்தான் நான் ஒரு பிடி சோறு திண்டனான்" என்றார் கடைசியில். "அப்ப அது என்னை நம்பிக் கடந்திருக்கு."

"ஓம்."

"நீ கோட்டில சொன்னா எனக்கு மறியற்சாலைதான்."

"சொல்லாட்டி அந்தப் பிள்ளை தற்கொலை செய்தவள். தேப்பன் விளக்கு வைக்க விடுறாரில்லை."

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அன்ரோனெற் தொடவில்லை. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனுசனை அந்த நேரத்தில் தொடுவதற்கு அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. புதன்கிழமை விடிய அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வந்தார்.

நீதிமன்றத்தில் சட்டத்தரணி, "எதிரியான உங்கள் கணவர் ஓட்டிய வேகம் என்ன?" என்று கேட்டார். அறுபது என்ற பதிலை வாங்கிக்கொண்டு இருக்கப் போகிற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"முள் அறுபதில நிண்டது, ஐயா. வான் அறுபதில போகேல்லை."

பிறகு சொன்னாள். பாலம், செபமாலை, மருதமரம், முருங்கன் சந்தி, சுவாமியிடம் போய் அழுதது, பல் எண்ணிக்கை. சொல்லச் சொல்லப் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சட்டத்தரணி இரண்டு தடவை மறிக்கப் பார்த்தார். நீதவான் கையைக் காட்டி அவரை இருத்திவிட்டு, பேனையை வைத்துக் கேட்டார். சாக்குத் துண்டில் சுற்றின பற்சக்கரங்களோடு றினாஸ் கதவடியில் நின்றிருந்தான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை. அவனையும் ஏற்றிக் கேட்டார்கள். வானைத் திருப்பிப் பரிசோதிக்கும்படி கட்டளை வந்தது. சந்தியோகுவின் லைசன்ஸைப் பறித்தார்கள். பிணை இரத்தாகி அவரை மறியற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது அவர் அவளைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினார். அதில் கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் பரமேஸ்வரி நின்றாள். பக்கத்தில் புருசன் யோகராசா தூணைப் பிடித்துக்கொண்டு, தோளில் கிடந்த சால்வையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். மகள் செத்த பிறகு அவர் அழுவது அதுதான் முதல் தடவை என்று பார்த்தாலே தெரிந்தது. பரமேஸ்வரி அன்ரோனெற்றுக்குக் கிட்ட வந்தாள்.

"என்ர பிள்ளைக்குக் கணக்குப் பிழைக்கேல்லை."

"இல்லை, அம்மா. பிள்ளையின்ர கணக்குச் சரி."

பரமேஸ்வரி தலையை ஆட்டினாள். கும்பிடுவதற்கோ என்னவோ கைகள் கொஞ்சம் உயர்ந்தன. பிறகு ஏதோ நினைவு வந்து பாதியிலேயே நின்றன.

"உங்கட செபம் எத்தினை நாளா முடியாம வந்தது?"

அன்ரோனெற் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை.

"அஞ்சு கிழமை."

"அஞ்சு கிழமை." பரமேஸ்வரி அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "சுவாமியிட்டப் போய்ச் சொல்லியிருக்கிறியள். அதை ஒரு நாள் மனுசனிட்டச் சொல்லியிருக்கலாம், அக்கா."

சொல்லிவிட்டுப் புருசனின் கையைப் பிடித்து மெல்லப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்ராண்ட் பக்கம் திரும்பும் வரை அன்ரோனெற் பார்த்துக்கொண்டே நின்றாள். செபமாலை கைப்பைக்குள் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.